இறையழைத்தல்: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்தொன்பது ஆண்டுகளாக எங்கள் கத்தோலிக்கப் பங்கில் மறைக்கல்வி கற்றுக்கொடுத்து வருகிறேன். அதற்கு முன் மூன்றரை ஆண்டுகள் குருவாவதற்குப் பயிலும் குருமாணவனாக இருந்து திரும்பி வந்தவன். இந்த இரண்டு காரணங்களாலும், பிள்ளையைக் குருமடத்துக்கோ கன்னியர் மடத்துக்கோ அனுப்புவது பற்றிக் குழப்பம் வரும்போது பலர் என்னைத் தேடி வருகிறார்கள். கேட்பவர்கள் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே எழுதி, என்னால் இயன்ற அளவு தெளிவாகப் பதில் தந்திருக்கிறேன்.

1. இறையழைத்தல்னா சாமியாராவோ சிஸ்டராவோ போறதுதானே? குடும்பஸ்தங்களுக்கு அதுல என்ன இருக்கு?

அப்படியல்ல. திருமுழுக்குப் பெற்ற ஒவ்வொருவருக்கும் அழைத்தல் உண்டு. குருத்துவமும் துறவறமும் அந்த ஒரே அழைத்தலின் தனித்தனி வழிகள். இதற்கு வேறெங்கும் போய்ச் சான்று தேட வேண்டியதில்லை. நம் மாவட்டத்து நட்டாலத்தில் 1712-இல் பிறந்த புனித தேவசகாயம் குருவுமல்லர், துறவியுமல்லர். மனைவியோடு வாழ்ந்தவர், மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனையில் அலுவல் பார்த்தவர். 1741-இல் குளச்சல் போரில் தோற்றுப் பின் திருவிதாங்கூர்ப் படையிலேயே சேர்ந்த டச்சுத் தளபதி டிலனாய், துயரத்தில் இருந்த அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார். ஒரு படைத்தலைவர் தம் நண்பருக்குச் சொன்ன ஆறுதல் வழியாகத்தான் அவருக்கு அழைப்பு வந்தது.

1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அவருடைய கல்லறை கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் இருக்கிறது. அங்கே முழந்தாளிடும் தகப்பன்மாரும் தாய்மாரும், அழைக்கப்பட்ட ஒரு குடும்பஸ்தரின் முன்னால்தான் முழந்தாளிடுகிறோம் என்பதை நினைவில் வைக்க வேண்டும். கீழே வரும் கேள்விகளில் பல குருத்துவத்தையும் துறவறத்தையும் பற்றியவை. அவைதான் மிகுதியாகக் கேட்கப்படுகின்றன.

2. கடவுள் கூப்பிட்டா காதுல கேக்குமா சார்? எப்படித் தெரியும்?

விவிலியத்தில், இரவில் தன்னை யாரோ கூப்பிடக் கேட்டு, சிறுவன் சாமுவேல் மூன்று முறை எழுந்து குரு ஏலியிடம் ஓடினான். கூப்பிட்டது ஆண்டவர் என்பது அவனுக்குத் தெரியவில்லை. கண் மங்கிய முதியவர் ஏலிக்குத்தான் கடைசியில் புரிந்தது. அழைப்பைக் கேட்பவர் ஒருவர், அதை இன்னதென்று புரியவைப்பவர் வேறொருவர் என்பது இன்றும் அப்படியே நடக்கிறது. ஆகவே தனியாக உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டாம்.

பெரும்பாலோர்க்கு அது குரலாக வருவதில்லை. ஓர் ஈர்ப்பாக வருகிறது. விட்டுவிட்டாலும் திரும்பத் திரும்ப வருகிறது. என்னிடம் படித்த ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன், நோயாளிக்கு நன்மை (நற்கருணை அப்பம்) கொடுக்கப் பங்குத்தந்தை போனபோது மணியைக் கையில் பிடித்துக்கொண்டு உடன் போனான். குடிசைக்குள் படுக்கையில் இருந்த பாட்டியால் வாயைத் திறக்க முடியவில்லை. பங்குத்தந்தை அப்பத்தைச் சிறு துணுக்காகப் பிட்டு, ஒரு தேக்கரண்டித் தண்ணீரில் நனைத்து, அவர் விழுங்கும்வரை தலையைத் தாங்கிப் பிடித்திருந்தார். "திரும்பி வரும்போ நாங்க ரெண்டுபேரும் ஒண்ணும் பேசல்ல சார். எனக்கும் இதுதான் செய்யணும்னு தோணிச்சு" என்றான். அவனுக்குப் பிடித்தது அங்கியோ மேடையோ அன்று, அந்த வேலை. நான் அவனை உற்றுக் கவனிக்கத் தொடங்கியது அன்றுதான்.

ஈர்ப்பு மட்டும் போதாது. அந்த வாழ்வுக்குரிய உடல்நலம், மனநலம், படிப்பு ஆகியவை ஓரளவாவது இருக்க வேண்டும். நோக்கம் நேராக இருக்க வேண்டும். இறுதியில் மறைமாவட்டத்தின் தலைவரான ஆயரோ துறவற சபைத் தலைவரோ 'வா' என்று ஏற்க வேண்டும். குருவாக்கும் அருள்பொழிவுத் திருப்பலியில் பெயர் சொல்லி அழைத்தபின்தான் 'இதோ வருகிறேன்' என்ற பதில் வருகிறது.

3. ஒரு வாரம் ரொம்ப ஆசையா இருக்கு, அடுத்த வாரம் ஒண்ணுமே இல்ல. அப்போ இது அழைத்தல் இல்லதானே?

ஆசை ஏறி இறங்குவதை வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது. இயேசு சபையைத் தோற்றுவித்த லொயோலா இஞ்ஞாசியார் சொல்லிவைத்த ஒரு விதி இதற்கு உதவும்: மனம் வறண்டு இருண்டு கிடக்கும் நேரத்தில், தெளிந்த நேரத்தில் எடுத்த முடிவை மாற்றாதே. கூட்டத்தில் பாடிய பாட்டின் வேகத்தில் எழுந்த ஆசையைக் கண்டு மறுநாளே பெட்டியைக் கட்டுவதும் அதேபோல் தவறு.

ஓராண்டு பொறுத்துப் பாருங்கள். தினமும் கால் மணி நேரம் நற்செய்தி வாசியுங்கள், வாரத்தில் ஒரு நாளாவது கூடுதலாகத் திருப்பலி காணுங்கள், மாதம் ஒருமுறை ஒரே குருவிடம் ஒப்புரவு அருள்சாதனம் (பாவசங்கீர்த்தனம்) பெற்று அவரிடம் மனந்திறந்து பேசுங்கள். ஓராண்டுக்குப் பின்னும் அந்த ஈர்ப்பு ஆரவாரமில்லாமல் அங்கேயே நின்றால், அடுத்த படிக்குப் போகலாம்.

4. பத்து முடிச்சதும் அனுப்பலாமா, காலேஜ் முடிச்சிட்டா? மொத்தம் எத்தனை வருஷம் படிக்கணும்?

இளங்குருமடங்களில் பள்ளி மாணவர்களைச் சேர்க்கும் வழக்கம் முன்பு மிகுதி. இப்போது பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின்னரோ பட்டப்படிப்புக்குப் பின்னரோ வருபவர்கள் பலர். என் தனிக்கருத்து, முடிந்தால் பட்டம் பெற்றுவிட்டுப் போவது நல்லது. இருபது வயதைத் தாண்டியவன் தான் எதை விட்டுவிட்டுப் போகிறான் என்பதை அறிந்தே போகிறான்.

திருச்சபைச் சட்டப்படி குருத்துவ அருள்பொழிவுக்கு 25 வயது நிறைந்திருக்க வேண்டும். தொடக்கநிலைப் பயிற்சிக்கு ஓராண்டேனும், மெய்யியலுக்கு குறைந்தது இரண்டு ஆண்டுகள், இறையியலுக்கு நான்கு ஆண்டுகள், இடையில் பங்கிலோ பள்ளியிலோ களப்பயிற்சி என்று கணக்கிட்டால், பள்ளி முடித்துச் சேரும் ஒருவருக்குப் பத்து ஆண்டுகள் அளவில் ஆகிவிடும். தமிழ்நாட்டு இலத்தீன் மறைமாவட்டங்களின் மாணவர்கள் கருமாத்தூர், திருச்சி புனித பவுல், சென்னை பூந்தமல்லி போன்ற குருமடங்களில் படிக்கிறார்கள்.

"இவ்வளவு நாளா?" என்று பெற்றோர் வியக்கிறார்கள். இந்த நீளம் தண்டனையன்று. திருச்சபைக்கும் மாணவனுக்கும் ஒருவரை ஒருவர் சோதித்துப் பார்க்கத் தரப்படும் காலம் அது.

5. மறைமாவட்டச் சாமியாருக்கும் சபைச் சாமியாருக்கும் என்ன வித்தியாசம்?

மறைமாவட்டக் குரு ஓர் ஆயருக்கும் ஒரு நிலப்பரப்பின் மக்களுக்கும் உரியவர். அவர் மணத்துறவையும் ஆயருக்குக் கீழ்ப்படிதலையும் வாக்களிக்கிறார். ஏழ்மை வார்த்தைப்பாடு, அதாவது ஏழ்மையாக வாழ்வதாகக் கடவுளுக்குக் கொடுக்கும் வாக்கு, கொடுப்பதில்லை. ஆனால் எளிய வாழ்வு அவருக்கும் கடமை. சபைக் குரு கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் ஆகிய மூன்று வார்த்தைப்பாடுகளையும் கொடுத்து, குழுவாக வாழ்ந்து, சபை அனுப்பும் இடத்துக்குப் போகிறார்.

1544-இல் நம் கடற்கரை ஊர்களில் நடந்து திருமுழுக்குக் கொடுத்த சவேரியார் இயேசு சபைக் குரு. கோட்டாற்றில் அவர் பெயரால் கோயில் இருந்தாலும் அவர் இங்கே தங்கிவிடவில்லை. அனுப்பப்பட்ட அடுத்த கரைக்குப் போய்விட்டார். சொந்த மண்ணின் மக்களோடு முதுமைவரை இருக்க மனம் விரும்புகிறதா, எங்கே அனுப்பினாலும் போகத் துடிக்கிறதா என்று கேட்டுப் பார்த்தால் ஓரளவு வழி தெரியும்.

6. நம்ம மாவட்டத்துல நாலு மறைமாவட்டம் இருக்கு. நான் மலங்கரை, கோட்டாறு மறைமாவட்டத்துக்குப் போகலாமா?

இந்தக் கேள்வி நம் மாவட்டத்துக்கே உரியது. 1930-இல் தொடங்கிய கோட்டாறும், அதிலிருந்து 2014-இல் பிரிந்த குழித்துறையும் இலத்தீன் வழிபாட்டு முறையைச் சேர்ந்தவை. 1996-இல் தோன்றிய தக்கலை மறைமாவட்டம் சீரோ மலபார் முறையையும், அதே ஆண்டில் தோன்றிய மார்த்தாண்டம் மறைமாவட்டம் சீரோ மலங்கரை முறையையும் சேர்ந்தவை. எல்லாமே கத்தோலிக்கத் திருச்சபைதான். ஆனால் ஒவ்வொருவரும் எந்த முறையில் சேர்ந்தவர் என்பது சட்டப்படி பதிவாகியிருக்கும். பக்கத்து இலத்தீன் கோயிலில் பத்து ஆண்டுகள் திருப்பலி கண்டாலும் அந்தப் பதிவு மாறாது.

வேறு முறையின் மறைமாவட்டத்திலோ சபையிலோ சேர முறையான அனுமதி தேவைப்படும். அதனால் விண்ணப்பிக்கும் முதல் நாளிலேயே இதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். முதலில் சொந்த முறையின் அச்சனிடம் (குருவிடம்) பேசுவதே சரி. மலங்கரை மாணவர்களுக்குத் திருவனந்தபுரம் நாலாஞ்சிறையில் தனிக் குருமடம் இருக்கிறது.

7. எனக்க மவனுக்கு மார்க்கு கொறவு, இங்கிலீஷும் வராது. எடுப்பாங்களா?

பங்குக் குருக்களின் பாதுகாவலரான ஜான் மரிய வியான்னி இலத்தீன் மொழியில் தட்டுத் தடுமாறியவர். படிப்பில் பின்தங்கியதால் குருமடத்திலிருந்து அனுப்பப்பட்டவர். ஆயினும் 1815-இல் குருவானார். இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: அவர் படிக்காமல் இருக்கவில்லை, விடாமல் படித்தார். மதிப்பெண் குறைவு தடையாக இருக்க வேண்டியதில்லை, உழைக்க மனமில்லாமை தடைதான். ஆங்கிலம் கற்றுக்கொடுக்க ஏற்பாடு உண்டு.

8. நான் பொறக்கும் முன்னமே எங்கம்மா சவேரியாருக்கு நேர்ந்திட்டாங்க. நான் போயே ஆகணுமா?

இல்லை. நேர்ச்சை, அதைச் செய்தவரை மட்டுமே கட்டுப்படுத்தும் என்பது திருச்சபைச் சட்டம். தாய் தன் உழைப்பையும் தன் செபத்தையும் தன் காணிக்கையையும் நேரலாம். மற்றொரு மனிதரின் வாழ்க்கையை நேர முடியாது, அவர் தன் வயிற்றில் பிறந்தவராக இருந்தாலும்.

இதைச் சொன்னதும் "அன்னா சாமுவேலை நேரவில்லையா?" என்று கேட்பார்கள். நேர்ந்தார், கோயிலில் கொண்டுபோய் விட்டார். ஆனால் இரண்டாம் கேள்வியில் சொன்ன அந்த இரவை மீண்டும் வாசித்துப் பாருங்கள். நேர்ச்சைப்பிள்ளை என்பதால் ஆண்டவர் அவனைத் தம் சொத்தாக எடுத்துக்கொள்ளவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டார், அவன் பதில் சொல்லும்வரை மீண்டும் கூப்பிட்டார். "பேசும், உம் அடியேன் கேட்கிறேன்" என்றது அன்னா அல்லர், சாமுவேல். தாயின் நேர்ச்சை பிள்ளையைக் கோயில் வாசல்வரை கொண்டுவரலாம். பதில் பிள்ளையின் வாயிலிருந்தே வர வேண்டும்.

பிள்ளை குறைப்பிரசவத்தில் பிறந்து, பிழைக்குமா என்று தெரியாத இரவில் நேர்ந்துவிட்ட ஒரு தாய் என் முன்னால் அழுதிருக்கிறார். மகன் திருமணம் செய்துகொள்ள விரும்பினான். தான் கடவுளை ஏமாற்றிவிட்டதாக அவர் நடுங்கினார். பங்குத்தந்தையிடம் போகச் சொன்னேன். அத்தகைய நேர்ச்சையிலிருந்து விடுவிக்கவோ அதை வேறொரு நற்செயலாக மாற்றவோ அவருக்கு அதிகாரம் உண்டு. அவர் அந்தத் தாயின் மனப்பாரத்தை நீக்கி அனுப்பினார். இத்தகைய பயத்தோடு யாரும் தனியாக இருக்க வேண்டாம். பிள்ளையிடம் அதைக் கடனாகச் சொல்லிக் காட்டவும் வேண்டாம்.

9. எனக்கு மூணு பொண்ணு. பவுன் போட வழியில்ல. ஒருத்தியை மடத்துக்கு அனுப்பினா என்ன?

இதைக் கேட்ட தகப்பனின் முகம் எனக்கு மறக்கவில்லை. அவர் கெட்டவர் அல்லர்; இரவு இரண்டு மணிக்கு எழுந்து ரப்பர் பால் வெட்டப் போகிறவர். பெண் பிறந்த நாளிலிருந்தே பவுனை எண்ணத் தொடங்கும் பழக்கம் நம் மாவட்டத்தில் அவரைப் போன்ற எத்தனையோ பேரை நசுக்குகிறது. 1961-ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம் இருந்தும், திருப்பலிக்கு வருகிற நாமே அதைக் கொடுத்தும் வாங்கியும் வருகிறோம். கோயிலில் திருமண ஓலை (அறிவிப்பு) வாசிக்கும்போது இதைப் பற்றி யாரும் கேட்பதில்லை என்பது எனக்கு ஆற்றாமையான விஷயம்.

ஆனாலும் பதில், கூடாது என்பதுதான். துறவறம் என்பது திருமணத்தில் இடம் கிடைக்காதவர்களுக்கான ஒதுக்கிடம் அன்று. வாழ்க்கை நிலையைத் தேர்ந்தெடுப்பதில் எவ்விதக் கட்டாயமும் இருக்கக்கூடாது என்பது திருச்சபை ஒவ்வொரு விசுவாசிக்கும் தந்துள்ள உரிமை; வறுமையும் ஒரு கட்டாயந்தான். அப்படிப் போன பெண், வாழ்நாள் முழுவதும் தங்கையின் தாலிக்குத் தன்னை விலையாகக் கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருப்பாள். அல்லது நினைக்கவே அஞ்சுவாள்.

மூன்று பெண்களில் ஒருத்திக்கு உண்மையாகவே ஆசை இருந்தால், அவளிடம் இதை மட்டும் கேளுங்கள்: "அப்பாவிடம் நூறு பவுன் இருந்தாலும் நீ போவாயா?" அந்தத் தகப்பன் வீட்டுக்குப் போய்க் கேட்டார். நடுமகள் உடனே "போவேன்" என்றாளாம். மற்ற இருவரும் வாய் திறக்கவில்லை. நடுமகள் இப்போது வார்த்தைப்பாட்டுக்கு முந்தைய பயிற்சியான நவதுறவு நிலையில் இருக்கிறாள்.

10. பொண்ணுக்கு எந்தச் சபைன்னு எப்படித் தேர்ந்தெடுக்க? உள்ள போனா உடனே வார்த்தைப்பாடா?

உடனே இல்லை. முதலில் ஆயத்த நிலை. பிறகு நவதுறவு நிலை, அதற்கு 17 வயதாவது நிறைந்திருக்க வேண்டும், குறைந்தது 12 மாதங்கள் அதில் இருக்க வேண்டும். முதல் வார்த்தைப்பாட்டுக்கு 18 வயது. அது குறிப்பிட்ட காலத்துக்கானது. மூன்று ஆண்டுகளாவது அப்படி வாழ்ந்து, 21 வயதைக் கடந்த பின்பே நித்திய வார்த்தைப்பாடு. ஒவ்வொரு படியிலும் நின்று யோசிக்க இடம் இருக்கிறது.

தேர்வு பற்றி: பள்ளிக்கூடம், மருத்துவமனை, சிறைப்பணி, தியான வாழ்வு என்று ஒவ்வொரு சபைக்கும் தனித்தனி அருங்கொடை உண்டு. அந்தச் சபையைத் தோற்றுவித்தவர் எதற்காகத் தோற்றுவித்தார் என்று கேளுங்கள். பெல்ஜியம் நாட்டிலிருந்து மரி லூயிஸ் டி மீஸ்டர் என்ற துறவி, ஒரே ஒரு நவதுறவியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, 1897-இல் நம் முளகுமூட்டுக்கு வந்தார். வந்தது அநாதைப் பிள்ளைகளைப் பராமரிக்க. புதிய சபை தொடங்க வேண்டும் என்ற திட்டம் அவருக்கு இல்லை. எதிரே நின்ற பிள்ளைகளுக்காகச் செய்த வேலையிலிருந்து, பின்னாளில் பல நாடுகளுக்குப் பரவிய ஒரு மறைபரப்புச் சபை வளர்ந்தது. படத்தைப் பார்த்தும் உடையைப் பார்த்தும் தேர்ந்தெடுக்காமல், "வந்து பாருங்கள்" என்று அச்சபையினர் அழைக்கும் நாட்களில் தங்கிப் பாருங்கள். முதிய சகோதரிகளை அங்கே எப்படிக் கவனிக்கிறார்கள் என்று கட்டாயம் பாருங்கள். ஒரு மடத்தைப் பற்றி அதைவிட நன்றாகச் சொல்வது வேறொன்றில்லை.

11. அப்பா தங்கு கடலுக்கு (பல நாள் கடல்லயே தங்கி மீன்பிடிக்க) போறாரு. நான் மூத்தவன், வீட்டுல கடனும் இருக்கு. நான் போறது சுயநலமா?

கேட்பதிலேயே பொறுப்பு தெரிகிறது. பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைக் 'கடவுளுக்குக் காணிக்கை' என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை இயேசு கண்டித்ததை மாற்கு நற்செய்தி ஏழாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஆகவே வீட்டை நடுக்கடலில் விட்டுவிட்டுப் போவது பக்தியன்று. தம்மால் தீர்க்க இயலாத கடன் உள்ளவர்களைத் துறவற சபைகள் சேர்த்துக்கொள்ளக்கூடாது என்று சட்டமும் சொல்கிறது.

ஆனால் காத்திருப்பது மறுப்பது ஆகாது. 2017-இல் ஒக்கிப் புயல் தகப்பனைக் கொண்டுபோன ஒரு வீட்டின் மூத்த மகனை எனக்குத் தெரியும். விண்ணப்பம் எழுதிக் கையில் வைத்திருந்தவன், அதை மடித்துத் தாயின் பெட்டியில் வைத்துவிட்டுக் கடலுக்குப் போனான். தம்பி படித்து வேலைக்குச் சேர்ந்த பிறகு அதே தாளை எடுத்துத் தேதியை மட்டும் திருத்திக் கொடுத்தான். நேர்முகத்தில் அவனிடம் அந்த ஆண்டுகளைப் பற்றித்தான் நெடுநேரம் கேட்டார்கள்.

வீட்டின் தேவை உண்மையானதா, அல்லது பிள்ளையைப் பிரிய மனமின்றிச் சொல்லும் காரணமா என்பதைப் பங்குத்தந்தையையும் வைத்துக்கொண்டு குடும்பமாகப் பேசித் தீர்க்க வேண்டும்.

12. எனக்கு வயசு 22. அப்பா அம்மா சம்மதிக்கல்ல. மீறிப் போகலாமா?

சட்டப்படி போகலாம். எட்டாம் ஒன்பதாம் கேள்விகளில் சொன்ன அதே சுதந்திரம் இங்கே உங்கள் பக்கம் நிற்கிறது: கட்டாயப்படுத்தி அனுப்பவும் கூடாது, கட்டாயப்படுத்தித் தடுக்கவும் கூடாது. ஆனாலும் கோபத்தில் கதவை அறைந்துவிட்டுப் போகாதீர்கள். ஓராண்டு பொறுமையாக இருங்கள். அவர்களைக் குருமடத்துக்கோ மடத்துக்கோ ஒருமுறை அழைத்துப் போங்கள். பல பெற்றோருக்குப் பயம், பிள்ளை தனியாகிவிடுமே என்பதுதான். சமையலறையைப் பார்த்து, உடன் படிப்பவர்களைப் பார்த்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

13. எனக்கு ஒரு பொண்ணைப் பிடிச்சிருக்கு. அப்போ எனக்கு அழைத்தல் இல்லன்னுதானே அர்த்தம்?

அப்படிப் பொருள் இல்லை. அழைத்தல் உண்டு என்றும் பொருள் இல்லை. இல்லற ஆசை இயல்பானது. அது சிறிதும் இல்லாதவர் மணத்துறவுக்குப் பொருத்தமானவர் என்று எண்ணுவதும் தவறு; நல்ல கணவனாக இருக்கக்கூடியவனே பெரும்பாலும் நல்ல குருவாகவும் இருப்பான். அந்தப் பெண்ணுக்கு நம்பிக்கை கொடுத்துவிட்டு, இன்னொரு பக்கம் விண்ணப்பம் அனுப்புவது மட்டும் கூடாது. அது இருவருக்கும் அநீதி. மணத்துறவு வாக்கு, குருத்துவத்துக்கு முந்தைய படியான திருத்தொண்டராக அருள்பொழிவு பெறும் நாளில்தான் வருகிறது என்பதால் தேர்ந்து தெளியக் காலம் இருக்கிறது. ஆன்ம குருவிடம் இதை மறைக்க வேண்டாம்.

14. பேப்பர்ல சாமியார்மாரைப் பத்தி என்னெல்லாமோ வருது. நம்பிப் பிள்ளையை அனுப்பலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்கும் பெற்றோரை விசுவாசக் குறைவு உள்ளவர்கள் என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம். திருச்சபைக்குள் சிறார்க்கு இழைக்கப்பட்ட கொடுமைகளும் அவை மறைக்கப்பட்டதும் உண்மை. அதனால்தான் 2019-இல் திருத்தந்தை பிரான்சிஸ், குருக்களும் துறவியரும் இத்தகைய குற்றத்தை அறிந்தால் கட்டாயம் புகாரளிக்க வேண்டும் என்று சட்டமாக்கினார். நம் நாட்டிலும், பாலியல் குற்றங்களிலிருந்து சிறாரைக் காக்கும் 2012-இன் போக்சோ சட்டப்படி, குற்றம் தெரிந்தும் காவல் துறைக்குச் சொல்லாமல் இருப்பது குற்றம். கோயில் மானம் என்ற பேச்சு அதற்கு மேலே வராது.

பிள்ளையைச் சேர்க்கும் முன் கேளுங்கள்: புகார் சொல்ல யார் இருக்கிறார்? பிள்ளை எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசலாமா? பெற்றோர் சொல்லாமல் வந்து பார்க்கலாமா? முகம் சுளிக்காமல் பதில் சொல்லும் இடமே நல்ல இடம். நம் ஊர்களில் மழையிலும் வெயிலிலும் இரு சக்கர வண்டியில் நோயாளிகளைத் தேடிப்போகும் குருக்களைப் பார்த்துத்தான் நான் வளர்ந்தேன். அவர்கள் மேல் உள்ள மதிப்பினாலேயே இதைக் கண்டிப்பாக எழுதுகிறேன்.

15. கடற்கரைப் பையன் மேற்கே உள்ள பங்குக்குச் சாமியாராப் போனா மதிப்பாங்களா?

பலர் மதிப்பார்கள், சிலர் ஊரையும் சாதியையும் கேட்பார்கள். உள்நாட்டுப் பையன் கடற்கரைக்குப் போனாலும் அதே நிலை. நட்டாலத்தாரைப் புனிதராக அறிவித்தபோது, பிறப்போடு வந்த சாதிப் பட்டத்தை நீக்கி 'தேவசகாயம்' என்று மட்டுமே திருச்சபை அறிவித்தது. அவர் எல்லாச் சாதியினரோடும் சமமாகப் பழகினார் என்பதே அவர்மீது வந்த வெறுப்புக்குக் காரணங்களுள் ஒன்று. அழைத்தலை ஏற்பவர் இந்தச் சிலுவையும் வரும் என்று தெரிந்துகொண்டே ஏற்கட்டும். அதைச் சுமத்தும் நாம் வெட்கப்படுவோம்.

16. பாதியில திரும்பி வந்தா ஊர் என்ன சொல்லும்?

என்னைச் சொன்னதை எழுதுகிறேன். திரும்பி வந்த வாரம் கோயில் முற்றத்தில் ஒரு பெரியவர், எனக்குக் கேட்கும்படியே, "ஓடி வந்திட்டான்" என்றார். என் அம்மா ஆறு மாதம் அதிகாலைத் திருப்பலிக்குப் போய், யாரும் எழும்புமுன் திரும்பிவிடுவார். நான் குருவாகும் நாளில் உடுத்த வாங்கிவைத்த சேலை மடிப்புக் கலையாமல் பெட்டியில் இருந்தது. எனக்கு வலித்தது அந்தப் பெரியவரின் சொல்லைவிட அந்தச் சேலைதான்.

நான் ஓடி வரவில்லை. என் ஆன்ம குருவோடு ஓராண்டு பேசி, எனக்குரிய வழி இதுவன்று என்று இருவரும் தெளிந்த பிறகே வந்தேன். குருமடத்தில் எடுக்கப்படும் முடிவுகள் இரண்டு: முன்னே போவது, திரும்பிப் போவது. இரண்டுமே பயிற்சியின் பலன். மனமில்லாமல் அருள்பொழிவு பெற்று ஐம்பது ஆண்டுகள் மக்களிடம் எரிந்து விழுவதைவிட, நான்காம் ஆண்டில் உண்மையைச் சொல்வது கடவுளுக்கும் மக்களுக்கும் செய்யும் மரியாதை. அந்தச் சேலையை அம்மா என் திருமணத்துக்கு உடுத்தினார்.

ஊருக்கு ஒரு வேண்டுகோள்: திரும்பி வருகிற பிள்ளையிடம் 'ஏன்' என்று கேட்காதீர்கள். பாடகர் குழுவிலோ மறைக்கல்வியிலோ இடம் கொடுங்கள். குருமடத்துக்குப் போகும்போதே ஊரைக் கூட்டி மாலை போடுவதைக் குறைத்தால், திரும்பும் வழியும் எளிதாகும்.

17. எனக்குக் கல்யாணம் ஆகி 40 வயசு. இப்போதான் சேவை செய்யத் தோணுது. எனக்கு ஒண்ணும் இல்லியா?

முதல் கேள்வியின் பதிலை மீண்டும் வாசியுங்கள். அதற்கு மேல்: இலத்தீன் சட்டப்படி திருமணமானவர் 35 வயது நிறைந்து, மனைவியின் சம்மதத்தோடு நிரந்தரத் திருத்தொண்டர் ஆகலாம், ஆனால் அது ஆயர் அந்த வழக்கத்தை ஏற்றுள்ள மறைமாவட்டத்தில்தான் இயலும். 2021 ஜனவரியில் வாசகர், பீடத்துணைவர் பணிகள் பெண்களுக்கும் திறக்கப்பட்டன. அதே ஆண்டு மே மாதத்தில் மறைக்கல்வி ஆசிரியர் பணி திருச்சபையின் முறையான திருப்பணியாக நிறுவப்பட்டது. நம் ஊர்களில் குரு வராத நாட்களில் செபமாலை சொல்லி, அடக்கச் செபம் நடத்தி, விசுவாசத்தைக் காத்தவர்கள் உபதேசியார்கள்தாம். பக்கத்து வீடுகள் சேர்ந்து செபிக்கும் அன்பியக் கூட்டத்தில் வரும் திங்கட்கிழமையே உங்களுக்கு வேலை இருக்கிறது.

18. கடவுள் அழைக்கிறார்னு தெரிஞ்சும் போகல்லன்னா பாவமா?

செல்வரான இளைஞன் வருத்தத்தோடு போனான் என்று நற்செய்தி சொல்கிறது. இயேசு அவனைச் சபித்ததாகச் சொல்லவில்லை, அவனை அன்போடு உற்றுநோக்கியதாகச் சொல்கிறது. குருத்துவமோ துறவறமோ கட்டளையாக வருவதில்லை, அழைப்பாக வருகிறது. ஏற்காதவருக்குத் தண்டனையாகக் குடும்பத்தில் நோயும் நட்டமும் வரும் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். அது நம் விசுவாசம் அன்று. பயந்து போனவர் நல்ல மேய்ப்பரின் பணியைச் செய்வது கடினம்.

ஆனால் சோம்பலாலோ ஊர்ப்பேச்சுக்கு அஞ்சியோ பதில் சொல்லாமல் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுபவர், தம் மகிழ்ச்சியைத் தாமே தள்ளிப்போடுகிறார். 'இல்லை' என்றாலும் செபத்தில் அவரிடமே சொல்லுங்கள்.

19. சரி சார், போகலாம்னு இருக்கேன். இனி என்ன செய்யணும்?

முதலில் பங்குத்தந்தையிடம் தனியாகப் பேசுங்கள். ஞாயிறு திருப்பலி முடிந்த கூட்டத்தில் வேண்டாம், நேரம் கேட்டுப் போங்கள். மறைமாவட்டத்தில் இறையழைத்தலுக்குப் பொறுப்பான குரு இருக்கிறார். அவரிடம் பங்குத்தந்தை அனுப்பிவைப்பார். பாஸ்கா (ஈஸ்டர்) காலத்தின் நான்காம் ஞாயிறு, அதாவது 1964 முதல் இறையழைத்தலுக்காக உலகெங்கும் செபிக்கும் நல்லாயன் ஞாயிறை ஒட்டிப் பல இடங்களில் அறிமுக முகாம்கள் நடக்கின்றன. அங்கே போனாலே சேர்ந்துவிட்டதாக ஆகாது. ஆகவே கூச்சப்படாமல் போகலாம்.

தாள்கள்: திருமுழுக்குச் சான்று, உறுதிபூசுதல் சான்று, பெற்றோரின் திருமணச் சான்று, பள்ளி மாற்றுச் சான்றும் மதிப்பெண் பட்டியலும், மருத்துவச் சான்று, பங்குத்தந்தையின் பரிந்துரைக் கடிதம். திருமுழுக்குச் சான்றை வீட்டில் சட்டமிட்டு மாட்டியிருப்பதைக் கழற்றிக்கொண்டு போகாதீர்கள். திருமுழுக்குப் பெற்ற பங்கிலிருந்து புதிதாக எடுக்க வேண்டும், ஏனென்றால் பதிவேட்டின் ஓரத்தில் பின்னாளில் எழுதிய குறிப்புகளும் அதில் வர வேண்டும். வெளியூரில் பிறந்தவர்கள் அதற்கு இரண்டு வாரமாவது ஒதுக்கிவையுங்கள். பெயரில் எழுத்துப்பிழை இருந்தால் இப்போதே சொல்லித் திருத்திக்கொள்ளுங்கள்.